நாலாவது கட்டம்

பள்ளிக்கூடக் குழுவில் நான் போட்ட முதல் கையெழுத்து, வெற்றுத்தாளில் போட்டது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. லாங் சைஸ் நோட்டு. மேலே தேதி. "இன்று நடைபெற்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்" என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெள்ளை. அடியில் 1 முதல் 20 வரை எண் போட்டு எதிரே எங்கள் பெயர்கள். "கையெழுத்தைப் போட்ருங்க, மேட்டரை அப்புறம் எழுதிக்கிடலாம்" என்றார் தலைமையாசிரியர். கெட்ட மனுசர் இல்லை. அன்றைக்கு ஒரு டீச்சர் லீவு, சத்துணவுக்கூடத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது, ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. டீயும் பருப்புவடையும் வந்தன. நானும் போட்டுவிட்டு வந்தேன்.

இதில் எனக்குத் தனியாக ஒரு வெட்கம் உண்டு. நான் பிழைப்பதே தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்துத்தான். பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று நாளைக்குப் பத்து மனுவாவது அடித்துக் கொடுக்கிறேன். "எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க பாட்டி" என்று வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிற வாய் இது. அந்த வாய் அன்றைக்கு வடை தின்றுகொண்டிருந்தது.

இது நடந்தது 2022-ல். அப்போது என் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

*

குழு என்று சொன்னதும் எங்கள் ஊரில் பாதிப் பேர் "ஓ, பிடிஏவா?" என்பார்கள். பிடிஏ வேறு. தமிழ்நாடு மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் 1964-ல் தொடங்கியது. பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்களுக்கு அது ஒரு கழகமாக ஞாபகம் இருக்காது. வினாத்தாள் புத்தகமாகத்தான் இருக்கும். "பிடிஏ புக்கிலிருந்து ரெண்டு கேள்வி அப்படியே வந்துச்சு" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் இங்கே யாரும் பரீட்சை எழுதியதில்லை.

அதற்கும் முன்னால், 1950களின் கடைசியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய பள்ளிகளில் பீரோ மேலே 'உபயம்' என்று யாராவது ஒரு பெரியவர் பேர் எழுதியிருக்குமே, அந்த மாதிரிக் கொடை. எனக்கு அந்தத் தலைமுறையின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று. கொடுக்க வருகிற கையைப் பள்ளிக்கூடம் எப்போதுமே வரவேற்றது. கேட்க வருகிற வாய்க்கு நாற்காலி போட வெகுகாலம் ஆயிற்று.

அந்த நாற்காலியைப் போட்டது 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவு சொல்வது சுருக்கமாக இதுதான்: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தவிர, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு, அவர்களுடைய விகிதப்படி இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, மானியப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை.

மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளைப் படித்தால் இன்னும் சுவாரசியம். தலைவரும் துணைத்தலைவரும் பெற்றோரிலிருந்துதான் வர வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர், தலைவர் அல்ல. மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். நடந்ததை முறையாக எழுதி வைக்க வேண்டும், அந்த நோட்டைப் பொதுமக்கள் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை குழுவையே மாற்றியமைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் 20 பேர் கொண்ட குழுவாக இதைப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். அந்த 2022 அலையில்தான் நானும் உள்ளே வந்து விழுந்தேன்.

எங்கள் குழு மோசமான குழு இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சரியாக நாற்பது நிமிடத்தில் கூட்டம் முடியும். ஒரு வருசத்தில் நாங்கள் என்ன தீர்மானம் போட்டோம் என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் நான் கையெழுத்துப் போட்டபோது அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

*

2023 ஜூனில் மகளை ஆறாம் வகுப்புக்கு ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்தேன். பழைய பள்ளிக்கூடம், பெரிய வேப்பமரம், ஊரில் எல்லாரும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிற தாளாளர். மனுப்போடத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் அங்கேயும் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே தாளாளர் அண்ணாச்சி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல குரலில் சொன்னார்: "இது ஆலோசனைக் குழுதான். நீங்க சொல்றதைச் சொல்லுங்க. நாங்க கேட்டுக்கிடுதோம்."

எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் சட்டத்தைத் தேடினேன். அண்ணாச்சி சொன்னது சரி. 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவிபெறும் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை சொல்லும் வேலையை மட்டுமே செய்யும் என்று சேர்த்துவிட்டார்கள். நாங்கள் என்ன தீர்மானம் போட்டாலும் நிர்வாகம் அதன்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போச்சு, இங்கேயும் வடைதான் என்று நினைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மனு அடிக்க வந்தார். அடித்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல, "ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல சீல் வாங்காம வெளியே வந்துராதீங்க" என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது எனக்கு உறைத்தது.

மனு என்பது என்ன? அதுவும் ஆலோசனைதானே. அந்தப் பெரியவர் தாசில்தாருக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் நகலில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு விழுந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. "இந்தத் தேதியில் கேட்டேன், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், பதில் எங்கே?" என்று அடுத்த வாரம் போய் நிற்கலாம். ஸ்டாம்பு இல்லாத மனு பெருமூச்சு மாதிரி. விட்டவருக்கே கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும்.

குழுவுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதையே நான் ஒரு வருசமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நோட்டுக்கு ஸ்டாம்பு எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

*

எங்கள் குழுவில் கல்வியாளர் இடத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரும் நானும் ஒரு டீச்சரும் சேர்ந்து, குழு தன்னைத்தானே நடத்திக்கொள்வதற்கு ஒரு பக்கத்தில் விதிகள் எழுதினோம். நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த நமக்கு உரிமை இல்லை, நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்ள யார் தடை சொல்லப்போகிறார்கள் என்பது வாத்தியாரின் வாதம்.

விதிகள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அஜெண்டா நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். அதில் இல்லாததைக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடக்கூடாது. பாதிப் பேர் வராவிட்டால் கூட்டம் இல்லை. எழுதியதை உரக்க வாசித்த பிறகே கையெழுத்து. (இது என் பங்கு. பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) முதல் பொருள் எப்போதும் போன மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதுதான்.

இன்னும் மூன்று விதிகள் அனுபவத்தில் வந்து சேர்ந்தவை. அவற்றுக்குப் பின்னால் ஆளுக்கொரு கதை உண்டு.

எங்கள் தலைவி நல்ல விவரமானவர். ஆனால் முதல் இரண்டு கூட்டத்துக்கும் அவர் வீட்டுக்காரர்தான் வந்தார். "அவளுக்குச் சோலி இருக்கு, எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்." பஞ்சாயத்துத் தலைவி நாற்காலியில் புருசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகவே தெரியவில்லை. உறுப்பினர் மட்டுமே உட்காரலாம், துணைக்கு வந்தவர்களுக்கு வேப்பமரத்தடியில் பெஞ்சு என்று விதி போட்டோம். மூன்றாவது கூட்டத்தில் தலைவியே வந்தார். அதற்குப் பிறகு அவர் வராத கூட்டம் இல்லை.

இன்னோர் உறுப்பினர் தையல் கடைக்காரர். சீருடை பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்ன யோசனைகள் எல்லாமே அருமை. எல்லாமே அவர் கடை வாசலில் போய் முடிந்தன. யாரையும் புண்படுத்தாமல், பள்ளியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் அந்தப் பொருள் வரும்போது வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுதினோம். அவரே சிரித்துக்கொண்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது விதி, சொந்தப் பிள்ளையின் விவகாரமும் தனி ஆசிரியர் பேரும் கூட்டத்தில் வரக்கூடாது. அதற்குத் தலைமையாசிரியர் அறை இருக்கிறது. இதை எழுதியவள் நான். மூன்றே மாதத்தில் மீறியவளும் நானே. ஓவியப் போட்டியில் என் மகளை ஏன் சேர்க்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டேன். வரலாற்று வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

*

அப்புறம்தான் அந்த நோட்டு. அதில் மூன்று கட்டம் இருந்தது: வரிசை எண், பொருள், தீர்மானம். நான் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கோடு போட்டு, தலைப்பில் 'நிர்வாகத்தின் பதில்' என்று எழுதினேன்.

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "இது என்னம்மா, எங்களைக் கேள்வி கேக்கவா?"

வாத்தியார்தான் சமாளித்தார். "இல்ல அண்ணாச்சி. ஆலோசனைன்னுதானே சொன்னீங்க. ஆலோசனை உங்க காதுக்கு வந்து சேந்துச்சான்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா? முடியாதுன்னு எழுதுங்க, அதுவும் பதில்தான்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். அப்புறம், "சரி, எழுதுவோம்" என்றார்.

அந்தக் கட்டத்துக்கு முதல் வேலை தாழ்ப்பாள் ரூபத்தில் வந்தது.

பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தர் எங்கள் குழுவில் உண்டு. கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்கு இருநூறு பீடி குறையும், ஆனாலும் வருவார். வந்து, கதவோரமாக இருந்து, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் போதுமானதாக இருக்கிறது, மிஞ்சிக்கூடப் போகிறது என்று தலைமையாசிரியர் சொன்னார். அப்போது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எப்படி மிஞ்சாம இருக்கும்? என் மக பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்க மாட்டேங்கா. கக்கூசுக்குப் போகணுமேன்னு. கதவுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கிடணுமாம்."

யாரும் பேசவில்லை. டீச்சர் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுத் தலைவியும் நானும் போய்ப் பார்த்தோம். ஆறு கதவு. இரண்டில் தாழ்ப்பாள் இருந்தது. ஒன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும். இன்னொரு கதவில் உள்பக்கம் ஒரு துப்பட்டாத் துணியைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள. அழுக்கேறி, நுனி பிரிந்து, பல கை பிடித்த துணி. என் மகளும் அதைப் பிடித்திருப்பாள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தீர்மானம் எழுதினோம்: நாலு கதவுக்குத் தாழ்ப்பாள். நாலாவது கட்டம் காலி.

அடுத்த மாதம் முதல் பொருளாகத் தலைவி வாசித்தார். "பெண்கள் கழிப்பறை, நாலு தாழ்ப்பாள். நிர்வாகத்தின் பதில்..." நிறுத்தினார். காலியான கட்டத்தை எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை அவருக்கு. "பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். யாரும் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தை அறையில் கொஞ்ச நேரம் நின்றது. அண்ணாச்சி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் தச்சர் வந்துவிட்டுப் போனார். கட்டத்தில் அண்ணாச்சி கையெழுத்திலேயே: "நான்கும் மாற்றப்பட்டன." தேதி. அந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஓசியில்தான், சொந்தக் கடை.

*

எல்லாக் கட்டமும் இப்படி நிரம்பவில்லை. கம்ப்யூட்டருக்குத் தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டோம். "பணியிடம் அனுமதிக்கப்படவில்லை. நிர்வாகம் தன் செலவில் நியமிக்க இப்போது நிதி இல்லை" என்று பதில் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்கு யாரும் கொதிக்கவில்லை. "பார்க்கலாம்" என்ற சொல்லைவிட "முடியாது, இதனால்" என்ற வாக்கியம் மனுசரை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆசிரியர்கள் பாடு வேறு. உதவிபெறும் பள்ளியில் சம்பளம் அரசு தருகிறது, வேலைக்கு எடுப்பது நிர்வாகம். எடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்த டீச்சர் வாயைத் திறப்பார்? கூட்டம் முடிந்து வேப்பமரத்தடிக்கு வந்தபிறகுதான் "ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு ஃபேன் ஓடலை" என்று முணுமுணுப்பார்கள். ஆகவே ஊழியர் தரப்பில் எதைச் சொல்வதானாலும் தாளில் எழுதி, பேர் போடாமல், அஜெண்டாவுக்கு முன்பே தரலாம் என்று வைத்தோம். முதலில் வந்த தாள் ஆசிரியருடையது இல்லை. கழிப்பறை கழுவுகிற அம்மாவுக்காக யாரோ எழுதிக் கொடுத்தது: கையுறை வேண்டும்.

ஒரு கட்டம் மட்டும் பிடிவாதமாகக் காலியாகவே இருந்தது. கோயில் கொடை சமயத்தில் பள்ளி மைதானத்தில் வண்டிகள் நிறுத்த விடுகிறார்கள். அந்த வாடகை எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டிருந்தோம். முதல் மாதம் பதில் இல்லை. ஐந்தாம் மாதமும் இல்லை. ஒருமுறை வாய்மொழியாக, "அதெல்லாம் இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி. வாய்மொழி கட்டத்தில் ஏறாது என்பதால் தலைவி மாதாமாதம், "பதில் இல்லை" என்று வாசித்துக்கொண்டே இருந்தார். ஒன்பது மாதம்.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ வெற்றிக்கதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். ஆலோசனைக் குழு ஆலோசனைக் குழுதான். நாங்கள் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. நாங்கள் செய்தது, பதில் வராததை மறக்கவிடாமல் வைத்திருந்தது மட்டும்தான்.

*

இரண்டு வருசம் முடிந்து போன மாதம் குழுவை மாற்றியமைத்தார்கள். நான் மறுபடி நிற்கவில்லை. கடையில் ஆள் இல்லை. வாத்தியாருக்கும் முட்டுவலி, விலகிவிட்டார். நோட்டை ஒப்படைப்பதற்காகப் போயிருந்தேன். பீடி அக்கா தொடர்கிறார். பழைய தீர்மானங்களை அன்றைக்கு அவர்தான் வாசித்தார். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மெதுவாக. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மைதான வாடகை வரிக்கு வந்ததும், "பதில் இல்லை" என்றார்.

புதிதாக வந்திருந்த ஓர் இளம் அம்மா, மடியில் கைக்குழந்தையோடு, வெள்ளந்தியாகக் கேட்டார்: "ஏன் அது மட்டும் காலியா இருக்கு?"

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த மாசம் சொல்லிருதேன்" என்றார்.

அக்கா விரலைக் கட்டத்திலிருந்து எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"அதை எழுதிக்கிடட்டா அண்ணாச்சி?"